நண்டு முழங்கையில் நிற்கும் நேரம்

குழந்தையின் உள்ளங்கையை விரித்துப் பிடித்து, அதில் உங்கள் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைகிறீர்கள். கடைந்ததை விரல் விரலாக மடக்கி வீட்டில் உள்ள எல்லாருக்கும் பங்கு வைக்கிறீர்கள். பிறகு உங்கள் இரண்டு விரல்கள் நண்டாகி, குழந்தையின் மணிக்கட்டிலிருந்து மெதுவாக ஏறத் தொடங்குகின்றன. முழங்கை மடிப்பு வந்ததும் நண்டு நின்றுவிடுகிறது. நீங்கள் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறீர்கள். அது உங்கள் முகத்தைப் பார்க்கிறது. அதன் தோள் குறுகுகிறது, தாடை கழுத்துக்குள் புதைகிறது. அக்குளை விரல் இன்னும் தொடவே இல்லை, அதற்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது.

எட்டு மாதக் குழந்தைக்குப் பருப்பும் தெரியாது, நண்டும் தெரியாது, பங்கு வைப்பது என்றால் என்னவென்றும் தெரியாது. ஆனால் அடுத்து என்ன வரும் என்பது தெரிந்திருக்கிறது. எப்போது வரும் என்பதும் ஏறக்குறைய தெரிந்திருக்கிறது. அந்த 'எப்போது' சற்றே தள்ளிப்போனதால்தான் சிரிப்பு வந்தது. பாட்டு, தாளம், கோடு, வண்ணம் என்று பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து செய்யும் கலைகளைப் பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளாக நடந்துள்ள ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, அவை பெரும்பாலும் இந்த அரை நொடியைத்தான் துருவிக்கொண்டிருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிரியம் லென்ஸும் அவருடைய குழுவினரும் 2022இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அதை மிக நுணுக்கமாகக் காட்டுகிறது. இரண்டு மாதத்திலும் ஆறு மாதத்திலும் இருந்த 112 குழந்தைகளுக்கு, யாரோ ஒருவர் தங்களைப் பார்த்துப் பாடும் காணொளிகளைப் போட்டுக் காட்டி, கண் எங்கே போகிறது என்று கருவியால் பதிவு செய்தார்கள். பாட்டில் தாள அடி விழும் தருணங்களில் குழந்தைகளின் பார்வை பாடுகிறவரின் கண்களுக்குப் போனது. இரண்டே மாதக் குழந்தை, கைதட்டவோ தலையாட்டவோ முடியாத பருவம், கண்ணால் தாளம் போடுகிறது! ஆறு மாதத்தில் இந்த இசைவு இரண்டு மடங்குக்கும் மேல் வலுத்திருந்தது. பாடுகிறவர்களைக் கவனித்தபோது, தாள அடி விழும் அதே இடங்களில் அவர்களும் கண்ணை அகல விரித்தார்கள், இமைப்பதைக் குறைத்தார்கள், புன்னகைத்தார்கள். யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல இது. ஆய்வாளர்கள் பாட்டின் தாளத்தை வேண்டுமென்றே குலைத்துப் போட்டுக் காட்டியபோது குழந்தைகளின் இசைவும் போய்விட்டது. ஆக, இப்போது பார்த்தால் முக்கியமான ஒன்று கிடைக்கும் என்று குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது தாளம்தான்.

சேர்ந்து ஆடினால் என்ன நடக்கும் என்பதைக் கனடாவின் ஹாமில்டன் நகரில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். லாரா சிரெல்லி, லாரல் ட்ரெய்னர் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு அது. பதினான்கு மாதக் குழந்தையை ஓர் உதவியாளர் மார்போடு கட்டிக்கொண்டு, துள்ளலான ஒரு இசைக்கு ஏற்ப மெல்லக் குதிக்கிறார். எதிரே நிற்கும் இன்னொரு பெண்ணும் குதிக்கிறார். சில குழந்தைகளுக்கு அவர் அதே தாளத்தில் குதிப்பார், சில குழந்தைகளுக்கு வேறு வேகத்தில். இரண்டு மூன்று நிமிடம், அவ்வளவுதான். பிறகு அந்தப் பெண் துணி காயப்போடுவதுபோல் பாவனை செய்து கிளிப்பைக் கீழே நழுவ விடுவார். படம் வரைவதுபோல் இருந்து பேனாவைத் தவற விடுவார். தன்னோடு ஒரே தாளத்தில் குதித்தவருக்குக் குழந்தைகள் தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்தார்கள். தாளம் சேராமல் குதித்தவருக்கு அவ்வளவாக உதவவில்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று உண்டு. குழந்தை மேலே போகும்போது எதிரே உள்ளவர் கீழே வந்தாலும், வேகம் ஒன்றாக இருந்தால் போதும், உதவி கிடைத்தது. அச்சு அசலாக ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்பதில்லை. ஒருவர் அசைவை மற்றவர் கணிக்க முடிந்தால் போதும்.

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்தபோது, பலவற்றுக்குப் பெயராக வைத்தது பெரியவரும் பிள்ளையும் கூடிச் செய்யும் செயலைத்தான். தாலில் தாலாட்டு, சப்பாணியில் கைதட்டல், வாரானையில் தளர்நடையிட்டு வரும்படி அழைப்பு, அம்புலியில் நிலாவை விளையாடக் கூப்பிடுவது. சப்பாணியை ஒன்பதாம் மாதத்தோடு சேர்த்தார்கள். இன்றைய குழந்தை மருத்துவர்களின் கணக்கிலும் ஒன்பதுக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடையில்தான் கைதட்டி விளையாடும் திறன் வருகிறது. அம்புலி இன்னும் அருமையானது. இருவர் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைப் பார்ப்பதும், மற்றவர் பார்ப்பதைத்தான் நானும் பார்க்கிறேன் என்று குழந்தை அறிவதும் பேச்சுக்கு அடித்தளம் என்பது வளர்ச்சி உளவியலில் உறுதியான செய்தி. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் விரல் நீட்டும் ஒவ்வொருவரும் அந்த அடித்தளத்தைத்தான் போடுகிறார்கள்.

இவ்வளவு படித்ததும் சில பெற்றோருக்குக் கவலை வரும்: எந்நேரமும் நான் பிள்ளையோடு தாளம் தப்பாமல் இருக்க வேண்டுமா? வேண்டாம். உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் செய்த அசையா முகச் சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சட்டென்று முகத்தை உணர்ச்சியற்று வைத்துக்கொள்வார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கத்திப் பார்க்கும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். அதே ட்ரோனிக், சாதாரண நாட்களில் தாயும் சேயும் எவ்வளவு நேரம் ஒத்திசைந்து இருக்கிறார்கள் என்றும் அளந்தார். ஏறத்தாழ 30 சதவீதம்தான். மீதி நேரமெல்லாம் தவறவிடுவதும் திரும்பப் பிடிப்பதுமாகவே போகிறது. அப்படித் திரும்பப் பிடிப்பதில்தான் குழந்தை அதிகம் கற்கிறது என்பது அவர் முடிவு. பாட்டுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. விட்ட இடத்திலிருந்து சேர்ந்துகொள்ள அடுத்த அடி எப்படியும் வரும்.

சரி, பாட்டுதானே வேண்டும், அதைக் கைப்பேசியே பாடுமே என்று கேட்கலாம். சோறு ஊட்டும் நேரத்தில் இன்று பாதி வீடுகளில் அதுதான் நடக்கிறது. இதற்கு நேரடியான விடை ஹாமில்டனில் 2012இல் கிடைத்தது. டேவிட் கெர்ரி, ஆண்ட்ரியா அன்ராவ், லாரல் ட்ரெய்னர் மூவரும் ஆறு மாதக் குழந்தைகளையும் பெற்றோரையும் வாரம் ஒரு வகுப்பு என்று ஆறு மாதம் வரவழைத்தார்கள். ஒரு பிரிவில் பெற்றோர் சில தாலாட்டுகளையும் அபிநயப் பாட்டுகளையும் கற்று, குழந்தையோடு சேர்ந்து பாடி, சின்னச் சின்னத் தாளக் கருவிகளைத் தட்டினார்கள். வீட்டிலும் அதே பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். இன்னொரு பிரிவில் குழந்தைகளுக்கென்றே விற்கப்படும் இசைத்தட்டு பின்னணியில் ஓட, பெற்றோரும் பிள்ளைகளும் பொம்மை வைத்து விளையாடினார்கள். இரண்டு அறையிலும் இசை இருந்தது, பெற்றோரும் இருந்தார்கள். ஆனால் ஒரு வயது நிறைந்தபோது, சேர்ந்து பாடிய பிரிவின் குழந்தைகள் அதிகம் சிரித்தார்கள், அழுதால் எளிதில் ஆறினார்கள், எட்டாத பொருளைச் சுட்டிக் காட்டுவது, கையசைத்து விடைகொடுப்பது போன்ற சைகைகளில் முந்தியிருந்தார்கள். சுருதி சேர்ந்த இசைக்கும் சேராத இசைக்கும் வேறுபாடு அறிவதிலும் அப்படியே.

லென்ஸின் ஆய்வில் குழந்தைகள் பார்த்ததும் திரையைத்தானே என்றால், ஆம். திரையில் உள்ள முகத்துக்கும் குழந்தை தாளம் போடும். அந்த முகம் திரும்பக் குழந்தைக்காக நிற்காது, அவ்வளவுதான் குறை. ஆனால் அது பெரிய குறை. முழங்கை மடிப்பில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நண்டு முடிவு செய்வது குழந்தையின் முகத்தைப் பார்த்துத்தான். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பதற்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது உலக சுகாதார நிறுவனம். 2019இல் அது வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு வயதுக் குழந்தைக்குக்கூடத் திரை நேரம் பரிந்துரைக்கப்படவில்லை.

இங்கே ஒரு கேள்வியை ஒளிவுமறைவின்றிப் பேசிவிட வேண்டும். இதெல்லாம் செய்தால் பிள்ளை புத்திசாலி ஆகுமா? ஹார்வர்டில் சாமுவேல் மெர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் நான்கு வயதுப் பிள்ளைகளைப் பெற்றோருடன் சேர்த்துச் சில வார வகுப்புகளுக்கு வரவழைத்தார்கள். சிலருக்கு இசை, சிலருக்கு ஓவியமும் கைவேலையும். பிறகு சொல்வளம், எண்ணறிவு, இட உணர்வு என்று சோதித்தார்கள். இசை வகுப்புக்குப் போனவர்களுக்கு நிலையான மேம்பாடு எதுவும் தெரியவில்லை என்று 2013இல் எழுதினார்கள். எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. பிள்ளையோடு பாடுவதை மதிப்பெண்ணுக்கான முதலீடாக விற்கிற வகுப்புகள் நம் ஊர்களிலும் முளைத்துவிட்டன. அவை தரும் வாக்குறுதிக்கு ஆதாரம் பலவீனமானது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. ஆஸ்திரேலியாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, இரண்டு மூன்று வயதில் வீட்டில் சேர்ந்து பாடி ஆடிய பிள்ளைகள் நான்கைந்து வயதில் சக பிள்ளைகளோடு பழகுவதிலும் கவனம் நிலைப்பதிலும் சற்று முன்னே இருந்ததைக் கண்டது. அது தொடர்பு மட்டுமே, காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நான் வலியுறுத்துவது வேறு. பிள்ளைக்கு என்ன சேர்ந்தது என்று மட்டும் அளந்தால், இருவருக்கும் நடுவில் நடப்பது அளவுகோலில் சிக்காமல் போகும்.

ஓவியத்துக்கு வருவோம். இங்கேதான் நாம் அதிகம் பிசகுகிறோம். ஒரு மழலையர் பள்ளியின் பெற்றோர் நாளில் பார்த்தேன்: அச்சிட்ட வாத்துப் படத்துக்குள் பஞ்சை ஒட்ட வேண்டும். பிள்ளைகள் ஒட்டியது கோட்டைத் தாண்டிப் போகவே, அம்மாக்கள் பசையை வாங்கிக்கொண்டு தாங்களே ஒட்டி முடித்தார்கள். அப்பாக்கள் படம் எடுத்தார்கள். சுவரில் இருபது வாத்துகளும் ஒரே மாதிரி அழகாக இருந்தன. மூன்று வயதுப் பெண் ஒருத்தி மேசைக்கு அடியில் உட்கார்ந்து, விரலில் காய்ந்த பசையை உரித்து உரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அங்கே ஏதோ ஒன்றைத் தானாகக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான். அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

சான்பிரான்சிஸ்கோவில் மழலையர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் ஏறத்தாழ பத்து லட்சம் குழந்தை ஓவியங்களைத் திரட்டி, 1969இல் எழுதிய நூலில் கிறுக்கல்களில் இருபது அடிப்படை வகைகள் இருப்பதாகக் காட்டினார். கிறுக்கல் என்பது தோல்வியுற்ற படம் இல்லை. தோளிலிருந்து வீசும் கையசைவு முதலில், பிறகு முழங்கை, பிறகு மணிக்கட்டு என்று உடலின் பிடி இறங்கி வருவதன் தடம் அது. பிரான்சைச் சேர்ந்த ஆய்வாளர் லூக்கே தம் மகள் வரைந்தவற்றை ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்து இன்னொன்றைச் சொன்னார். சின்னக் குழந்தை முதலில் கோடு போடுகிறது, போட்ட பிறகுதான் அதில் ஒரு உருவத்தைக் கண்டுபிடிக்கிறது. ஆகவே கிரேயானைக் கையில் எடுத்ததுமே "என்னடா தங்கம் வரையப் போறே?" என்று கேட்பது, அதற்கே இன்னும் தெரியாத ஒன்றைக் கேட்பதாகும்.

இங்கிலாந்தின் ஓவியரும் ஆசிரியருமான ஜான் மாத்யூஸ் தம் பிள்ளைகள் வரைவதை அருகிலிருந்து கவனித்து எழுதியவர். அவருடைய இரண்டு வயது மகன் தூரிகையைச் சுழற்றிச் சுழற்றித் தாள் முழுக்க வண்ணம் பூசுகிறான். பூசும்போதே கார் ஒன்று வளைவில் திரும்பிப் போவதாகச் சொல்லிக்கொள்கிறான். வண்ணத்தின் மேல் வண்ணம் ஏற ஏறப் பழைய கோடு மறைகிறது, கார் போய்விட்டது என்கிறான். தாளில் எஞ்சியது வட்டமாக அப்பிய வண்ணம் மட்டும். அரை மணி கழித்து வருகிறவருக்கு அங்கே காரே இல்லை. பக்கத்தில் இருந்தவருக்கோ புறப்பாடு, திருப்பம், மறைவு எல்லாம் நடந்த ஒரு முழுக் கதை. அந்தப் படம் நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் இருந்தது. அதை இரண்டு பேர் பார்த்தார்கள் என்பதே அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த பெரும் பேறு. பெற்றோர் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. தனக்கும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து தானும் கோடு போடலாம். "சுத்தி சுத்திப் போகுதே" என்று கண்ணில் படுவதைச் சொல்லலாம். மார்கழி வாசலில் கோலம் போடும் அம்மா ஓரமாக ஒரு கை மாவைக் குழந்தைக்கும் விட்டுக்கொடுப்பது இதுதான். அங்கே யாரும் குழந்தையின் இழையைத் திருத்துவதில்லை.

பெரும்பாலும் கவனிக்கப்படாத பக்கம் ஒன்று இருக்கிறது. இந்தக் கலைகள் யாருக்காக? பிள்ளைக்காக என்று சொல்லிப் பழகிவிட்டோம். வளரும் நாடுகளில் பிரசவமான பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. சோர்வில் இருக்கும் தாயின் பேச்சில் ஏற்ற இறக்கம் குறைவதும், குழந்தை அதற்கு உற்சாகமாகப் பதில் தராததும், அதைக் கண்டு தாய் மேலும் சோர்வதும் பலமுறை பதிவாகியிருக்கின்றன. லண்டனில் டெய்சி ஃபேன்கோர்ட், ரோஸி பெர்கின்ஸ் இருவரும், மனச்சோர்வின் அறிகுறிகள் கொண்ட 134 தாய்மார்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு கைக்குழந்தையோடு வாரம் ஒருமுறை கூடிப் பத்து வாரம் பாடியது. இரண்டாவது பிரிவு குழந்தையோடு கூடிக் கைவேலையும் விளையாட்டும் செய்தது. மூன்றாவதற்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 2018இல் வெளியான முடிவின்படி, சோர்வு மிதமாகவோ கடுமையாகவோ இருந்த தாய்மாரில், பாடிய பிரிவினர் மற்றவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். முதல் ஆறு வாரத்திலேயே அறிகுறிகள் சராசரியாக 35 சதவீதம் குறைந்தன. பத்தாவது வாரத்தில் எல்லாப் பிரிவும் தேறியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வேறுபாடு வேகத்தில்தான். ஆனால் கைக்குழந்தை வைத்திருப்பவளுக்கு நான்கு வாரம் முன்னதாகத் தேறுவது சின்ன விஷயமா?

கைவேலைப் பிரிவுக்கு அந்த வேகம் ஏன் வரவில்லை? பாடிய பிரிவின் தாய்மாரிடம் பேசிப் பார்த்தபோது கிடைத்த விவரங்களில் ஒன்று என்னை நிறுத்தியது. தங்கள் பாட்டுக்குக் குழந்தை அழுகையை நிறுத்துவதைக் கண்ணால் கண்டது அவர்களுக்குத் தெம்பு தந்திருக்கிறது. என்னால் முடிகிறது என்ற நம்பிக்கை அது. இன்னொரு காரணம் என் ஊகம். ஏற்ற இறக்கத்தைப் பேச்சில் தாயே உண்டாக்க வேண்டும், பாட்டில் மெட்டே அதைக் கையில் தந்துவிடுகிறது. மாண்ட்ரியல் ஆய்வு ஒன்றில், புரியாத துருக்கிய மொழிப் பாட்டைக் கேட்ட குழந்தைகள் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் அழாமல் இருந்தார்கள், பேச்சைக் கேட்டவர்கள் நான்கு நிமிடம்தான். மொழி தெரிய வேண்டியதில்லை, குரல்வளமும் பெரிய தேவையில்லை.

காம்பியாவில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே குழந்தைப் பேறு வாய்க்காத, அல்லது குழந்தையைப் பறிகொடுத்த பெண்கள் கூடி ஆடிப் பாடும் கான்யெலெங் என்ற குழுக்கள் மரபாக உண்டு. ஆய்வாளர்கள் வெளியிலிருந்து எந்த இசையையும் கொண்டுபோகாமல், அந்தப் பெண்களையே மகப்பேறு மையங்களுக்கு அழைத்துவந்து கர்ப்பிணிகளோடு ஆறு வாரம் பாடச் செய்தார்கள். கலந்துகொண்டவர்களிடம் சோர்வின் அறிகுறிகள் குறைந்தன. ஊரில் ஏற்கெனவே இருந்த குரல்களுக்கு மருத்துவமனையில் ஒரு பாய் விரித்துக் கொடுத்தார்கள், அவ்வளவே. கடும் மனச்சோர்வுக்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும், பாட்டு அதற்கு மாற்று ஆகாது. மருத்துவரிடம் போகும் துணிவு வரும்வரை கைபிடித்து நிற்க இப்படிப்பட்ட கூட்டம் உதவும்.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு பாயை எங்கே விரிப்பது என்று யோசித்தால், இடம் ஏற்கெனவே இருக்கிறது. 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. கர்ப்பிணிகளுக்கு அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. வளையலும் கலவை சாதமும் தரும் அந்த நாளில், தாலாட்டுத் தெரிந்த மூத்த பெண்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு, பாடுவதோடு நிற்காமல் கற்றுக்கொடுக்கவும் சொல்லலாம். பிரசவத்துக்குப் பிறகு அதே பெண்கள் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் குழந்தையோடு வந்து கூடுகிறார்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்வது வழக்கம். இப்போது அந்த அரை மணி கைப்பேசியிலும் அழுகையிலும் போகிறது. அப்பாக்கள் வந்திருந்தால் வாசலில் பைக் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களையும் உள்ளே கூப்பிட வேண்டும். நண்டு விளையாட்டு அவர்களுக்கும் தெரியும். லண்டனில் சோர்வை அளக்கப் பயன்பட்ட எடின்பரோ கேள்வித்தாளில் பத்தே கேள்விகள்தான், தமிழ் வடிவமும் உண்டு. ஆறாவது வாரம் ஒருமுறையும் பதினான்காவது வாரம் ஒருமுறையும் செவிலியர் அதைக் கேட்டுக் குறித்துவைத்தால், எந்தத் தாயை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது தெரியும். பாட்டு நம் பெண்களுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதும் நம்மிடமிருந்தே தெரியவரும்.